பிள்ளையை யாரிடம் கொடுப்பது

எங்கள் சபையின் ஆண்டுவிழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று புதிய போதகர் வீட்டுக்கே வந்து கேட்டார். கோயிலின் வரலாறு என்றால் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான் என்றேன்.

"வரலாறு எழுத மூப்பருங்க இருக்காங்கம்மா. பிள்ளைக் காம்பராவப் பத்தி உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?" என்றார்.

கூட வந்திருந்த இரண்டு இளம் ஆசிரியைகளில் ஒருத்தி, "அக்கா, இத்தன வருசத்துல உங்களுக்கு எது ரொம்பப் பயமா இருந்துச்சுங்க?" என்று கேட்டாள்.

யோசிக்காமல் சொன்னேன்: "சாயங்காலம்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓய்வுபெற்று மூன்று வருடம் ஆகிறது. இன்றும் பொழுது சாயும் நேரத்தில் பனிமூட்டம் இறங்கினால் எழுந்துபோய் வாசலைப் பார்க்கிறேன். கூலிக்குப் போகும் தாய்மார் பகலில் பிள்ளைகளை விட்டுப்போகும் அந்தப் பிள்ளைக் காம்பராவில் இப்போது கேமரா வைத்துவிட்டார்கள். பிள்ளையை அழைத்துப் போகிறவரின் படம் தாயின் செல்போனுக்குப் போகிறது. நல்ல ஏற்பாடு. ஆனாலும் கதவைத் திறந்து பிள்ளையைக் கொடுக்கிற கை ஒரு மனுஷியின் கைதான். அதைப் பற்றித்தான் எனக்கு எழுதத் தெரியும்.

குன்னூருக்கு வெளியே, ஊட்டி ரோட்டிலிருந்து பிரிந்து தேயிலைக்குள் ஏறும் பாதையில் இருக்கிறது எங்கள் கல்கோயில். ஸ்காட்லாந்திலிருந்து வந்த தோட்டத் துரைமார் தங்களுக்கென்று கட்டியது. காலையில் அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஆராதனை நடக்கும். அவர்கள் வண்டியேறிப் போன பிறகு, அவர்கள் வீட்டுச் சமையல்காரர்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் தமிழில் ஒரு ஜெபம். துரைமார் போனார்கள், தமிழ்ச் சபை நிலைத்தது. கோயிலைச் சுற்றி வீடுகள் பெருகின. அரவங்காடு வெடிமருந்து ஃபேக்டரியிலும் ராணுவ அலுவலகங்களிலும் வேலை பார்த்த குடும்பங்கள் வந்து குடியேறின. என் அப்பாவும் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து அப்படி வந்தவர்தான். துரைமாரின் பழைய பிரஸ்பிட்டேரியன் சபை வழக்கம் ஒன்று மட்டும் அசையாமல் தங்கிவிட்டது: எதையும் சபை தேர்ந்தெடுத்த மூப்பர்கள் கூடிப் பேசித்தான் முடிவெடுப்பார்கள். போதகர் தன் இஷ்டத்துக்கு ஒரு ஜன்னல் கதவைக்கூட மாற்ற முடியாது.

கோயிலுக்குப் பின்னால் ஒரு நீளமான ஹால். முதலில் அங்கே மருந்து கொடுத்தார்கள், பிறகு தையல் சொல்லிக்கொடுத்தார்கள். இலங்கையிலிருந்து தோட்டக் குடும்பங்கள் வந்து இறங்கிய காலத்தில் கஞ்சியும் கம்பளியும் கொடுத்தது அந்த ஹாலில்தான். அவர்களில் நிரந்தர வேலை கிடைத்தவர்களுக்குத் தோட்டத்திலேயே குழந்தை பார்க்க இடம் இருந்தது. தினக்கூலிக்குப் போனவர்களுக்கு அது இல்லை. பிள்ளையை லயத்தில், அதாவது வரிசை வீட்டில், வைத்துப் பூட்டிவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனார்கள். அப்படிப் பூட்டிய ஒரு வீட்டில் பிள்ளை ஒன்று அடுப்பில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் மூப்பர்கள் கூடி, ஹாலைப் பிள்ளைகளுக்கு என்று எழுதிவைத்தார்கள். பிள்ளைக் காம்பரா என்ற பெயர் அந்தத் தாய்மார் இலங்கைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். யாரும் மதம் கேட்டதில்லை.

நான் பால்வாடி ஆசிரியைப் பயிற்சி முடித்து அங்கே சேர்ந்தேன். பயிற்சியில் பாட்டும் படம் வரைவதும் கற்றேன். வேலையைக் கற்றது ஞானசிகாமணி போதகரிடம்.

அவர் நாகர்கோவில்காரர். குளிர் தாங்காமல் அங்கிக்கு மேலே மஃப்ளர் சுற்றியிருப்பார். ஒரு விஷயத்தைப் போய்ப் பதறிச் சொன்னால் உடனே பதில் வராது. மஃப்ளரைக் கழற்றுவார், மடிப்பார், மடியில் வைப்பார். நமக்கு உயிர் போகும். பிறகு, "நீங்க என்ன நினைச்சீங்கன்னு கேக்கல டீச்சர். என்ன பாத்தீங்க?" என்பார். பார்த்ததையும் நினைத்ததையும் பிரித்துச் சொல்லும்வரை விடமாட்டார். ஆரம்பத்தில் அவர்மேல் எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கும் முறையை அவர்தான் வகுத்திருந்தார். காலையில் தாய் பிள்ளையை விடும்போதே, சாயங்காலம் யார் வருவார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். "நாந்தான் வருவேன், வேற யாரு?" என்று தாய் அலுத்துக்கொண்டாலும் தினமும் கேட்க வேண்டும். சாயங்காலம் இரட்டைக் கதவில் ஒன்றை மட்டும் திறக்க வேண்டும். ஒரு பிள்ளையைக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் அடுத்த பெயரைக் கூப்பிட வேண்டும். பிள்ளை நமக்குப் பின்னால் நிற்க வேண்டும். வந்தவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளை ஓடினால் வழிவிடலாம். நின்றால் நாமும் நிற்க வேண்டும். மழையானாலும், பின்னால் பத்துப் பேர் கத்தினாலும் இந்த ஒழுங்கு மாறக் கூடாது. மழைநாளில் எல்லாத் தாய்மாரும் மழைக்குத் தலையில் கவிழ்க்கும் ஒரே மாதிரிக் கொங்காணியும் ஒரே தலைத்துண்டுமாக வந்து நிற்பார்கள். பனிமூட்டத்தில் குரலை வைத்துத்தான் ஆள் தெரியும். ஒவ்வொரு பிள்ளையும் கை மாறும்போது, தப்பாகக் கொடுக்கிறேனோ என்று ஒரு கணம் கூடுதலாகப் பிடித்திருப்பேன்.

செல்வி என்று ஒருத்தி இருந்தாள். கணவனைப் பிரிந்திருந்தவள், தினக்கூலிக்குக் கொழுந்து பறிப்பவள். அவளுடைய பெற்றோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள், இருவரும் காலமாகிவிட்டார்கள். மகள் தர்ஷினிக்கு மூன்று வயது நிறையவில்லை. சேர்க்க வந்த அன்றே செல்வி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் மட்டுந்தான் வருவேன். அவுங்கப்பா ஆளுங்க யாரு வந்தாலும் குடுத்துறாதீங்க."

"ஏன் செல்வி, அடிப்பாரா?"

"அடிக்க மாட்டாரு" என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை.

ஒருநாள் பகல் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்கி எழுந்த நேரம். வழக்கமாகத் தாய்மார் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு கதவைத் திறந்தேன். முப்பது வயது ஆண் ஒருவர், சட்டையெல்லாம் நனைந்து நின்றார். பக்கத்தில் வயதான ஓர் அம்மாள்.

"ஏனுங்க டீச்சர், தர்ஷினியோட அப்பாங்க நானு. முருகேசன். செல்வியக் காட்டெருமை முட்டிப்போட்டுதுங்க. கொழுந்துக் காட்டுக்குள்ள. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. புள்ளயக் குடுங்க" என்றார்.

"எந்தா டீச்சரே பாத்துட்டு நிக்கறீங்க? பொழைப்பாளோ மாட்டாளோ. புள்ள கடைசியா ஒருக்கா மொகத்தப் பாக்கட்டும்" என்றார் அந்த அம்மாள். முருகேசனின் தாய் மாரியம்மா. கூடலூருக்குப் பக்கம், கேரள எல்லையை ஒட்டிய தேவர்சோலையில் இருப்பவர்.

செல்வியின் போனுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவளோடு வேலை செய்கிற இன்னொருத்தியின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. முருகேசன் கோயமுத்தூரில் பெயிண்டர் வேலை பார்ப்பவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். தேவர்சோலையில் இருக்கிற தாயும் கோயமுத்தூரில் இருக்கிற மகனும் சரியாக அன்றைக்கு இங்கே எப்படி வந்தார்கள்? கேட்டேன். செல்வியிடம் பேசிக் கூட்டிப்போக வந்தோம், லயத்துக்குப் போனபோதுதான் இப்படி ஆகியிருந்தது என்றார் முருகேசன். உண்மையாகவும் இருக்கலாம், கட்டிச் சொன்னதாகவும் இருக்கலாம்.

தர்ஷினி என் சேலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா" என்று சிரித்தாள். ஓர் அடி முன்னால் வைத்தாள். மாரியம்மா குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளை அப்படியே நின்று, பின்னால் வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் சத்தம் கேட்டு மூப்பர் தேவதாஸ் வந்தார். ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கோயில் கட்டடங்களைக் கவனித்துக்கொள்பவர். நல்ல மனிதர், ஆனால் பொறுமை கிடையாது.

"ஏம்மா கிரேஸ், பெத்த அப்பன்கிட்டப் புள்ளயக் குடுக்க மாட்டேங்கறது என்னம்மா நாயம்? அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாளைக்கு இந்தக் கோயில ஊர் என்ன பேசும்?"

"அந்தப் பொண்ணுதானுங்க குடுக்காதீங்கன்னு சொன்னா" என்றேன். அவர் சொன்னதும் உண்மை. செல்வி செத்துக்கொண்டிருந்தால், மகளைக் கண்ணில் காட்டாமல் கதவை மறித்துக்கொண்டு நிற்கிற பாவி நான். சாகவில்லை என்றால், ஒரே ஒரு வார்த்தை சொல்லி ஒப்படைத்த பிள்ளையை வாசலில் தொலைத்தவள் நான். கதவை விடவும் முடியவில்லை, சாத்தவும் முடியவில்லை.

உதவிக்கு இருந்த ஆயாவைப் போதகர் வீட்டுக்கு ஓடச் சொன்னேன். அவர் வந்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர் மஃப்ளரைக் கழற்றி மடிக்கத் தொடங்கினார். எனக்கு அதைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

"டீச்சர், என்ன பாத்தீங்க?"

"அப்பாவப் பாத்துச் சிரிச்சா. அவங்க பாட்டியப் பாத்ததும் என் சேலையப் புடிச்சுக்கிட்டா."

கொஞ்ச நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தேவதாஸ் பக்கம் திரும்பினார். "மூப்பரே, உங்க வண்டிய எடுங்க. எல்லாருமே போவோம். பிள்ளை அம்மாவப் பாக்கட்டும். ஆனா டீச்சர் கைய விட்டுப் போகக்கூடாது."

மற்ற பிள்ளைகளை ஆயாவிடமும் போதகரின் மனைவியிடமும் விட்டுவிட்டுக் கிளம்பினோம். தேவதாஸின் ஆம்னி வேனில் போதகர் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் நடுவில் நான், மடியில் தர்ஷினி, ஒரு பக்கம் முருகேசன், மறுபக்கம் மாரியம்மா. வழி நெடுக அந்த அம்மாள் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தேன்.

குன்னூர் ஆஸ்பத்திரியில் விசாரித்தபோது, முருகேசன் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்தது. செல்வியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இங்கே முடியாது என்று ஊட்டிக்கு அனுப்பியிருக்கிறார்கள். உயிர் இருந்ததா என்று போதகர் கேட்டார். போகும்போது இருந்தது என்றார்கள்.

வெலிங்டன், அரவங்காடு, கேத்தி என்று வண்டி ஏறியது. கண்ணாடிக்கு முன்னால் வெள்ளையாகப் பனி. தேவதாஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தார். அந்த வழியில் எனக்குத் தோன்றியதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. செல்வி செத்திருந்தால், என் கையை நானே எடுத்துவிட்டு இந்தப் பிள்ளையை இவர்களிடம் கொடுத்தாக வேண்டும். அப்பனுக்கு உரிமை உண்டு. என் பிடிக்கு ஆதாரமெல்லாம் எங்கோ ஒரு கட்டிலில் கிடக்கிற ஒருத்தியின் மூச்சுதான். "ஆண்டவரே, அவளுக்கு மூச்சைக் கொடும்" என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை.

முருகேசன் ஜன்னலைப் பார்த்தபடியே அழுதுகொண்டு வந்தார். சத்தமே இல்லை. தர்ஷினி கையை நீட்டி அவர் கன்னத்தைத் தொட்டாள். "அப்பா, மழ" என்றாள்.

ஊட்டி ஆஸ்பத்திரியில் செல்வியை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகத் தயாராக வைத்திருந்தார்கள். விலா எலும்புகள் முறிந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதாம். தொடையிலும் கொம்பு ஏறியிருந்தது. நர்ஸ் ஒரே ஒருவரை விடுகிறேன் என்றார். போதகர் என்னைப் பார்த்தார். பிள்ளையோடு உள்ளே போனேன். முருகேசனும் கதவு வரைக்கும் வந்துவிட்டார்.

செல்வியின் முகம் சாம்பல் பூத்திருந்தது. கண்ணைத் திறந்தாள். முதலில் பிள்ளையைப் பார்க்கவில்லை. பிள்ளையைச் சுற்றியிருந்த கையைத்தான் பார்த்தாள்.

"யாருக்கா தூக்கிட்டு வந்தா?"

"நான்தான் செல்வி. என் கையிலதான் இருக்கா."

"உங்க கையிலயே இருக்கட்டும்" என்றாள். கதவருகே நின்ற கணவனைப் பார்த்தாள். "கேட்டுச்சா?"

அவர் தலையாட்டினார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தர்ஷினி அப்போதுதான் வீரிட்டு அழுதாள்.

செல்வி பிழைத்தாள். ஆனால் எழுந்து நடக்க இரண்டு மாதமாவது ஆகும் என்றார்கள். போதகர் மறுநாளே போலீஸ் ஸ்டேஷனுக்கும் குழந்தைகள் நல அலுவலகத்துக்கும் போய் நடந்ததைச் சொன்னார். தாய் தெளிவாக இருக்கிறாள், அவள் விருப்பப்படி பிள்ளை டீச்சர் வீட்டில் இருக்கட்டும், ஆனால் தகப்பனும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்கள். தகப்பன் தலையாட்டியதை மாரியம்மா ஏற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மகனைக் கூட்டிக்கொண்டு மூப்பர்களிடமே வந்துவிட்டார்.

கோயிலின் பக்கத்து அறையில் கூட்டம். மேஜையைச் சுற்றி மூப்பர்கள். தர்ஷினி என் மடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். மாரியம்மா எழுந்து நின்றே பேசினார்.

"எம் பேத்திய அந்நியர் ஊட்டுல எதுக்கு வெச்சிருக்கீங்க? எனக்குக் கை கால் இல்லியா? நான் வளக்க மாட்டேனா?"

கேட்டவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் பட்டது. ஒரு மூப்பர், நாளைக்குக் கேஸ் என்று வந்தால் சபைதான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்றார். இன்னொருவர், பகல்நேரம் பார்ப்பதுதான் நம் ஊழியம், வீட்டில் வைத்து வளர்ப்பது அல்ல என்றார். தேவதாஸ் மட்டும் ஒன்றும் பேசாமல் இருந்தார். ஓட்டெடுத்தால் பிள்ளை போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. பிஸ்கட் தூள் விழுந்த அவளுடைய ஸ்வெட்டரைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தேன்.

போதகர் மாரியம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். டீ வரவழைத்துக் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை ஒருவரையும் பேசவிடவில்லை. பிறகு முருகேசனைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க இன்னும் ஒரு வார்த்தையும் பேசல. அம்மா சொல்றது இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

முருகேசன் தாயைப் பார்த்தார். "சொல்லேன்டா" என்றார் தாய். அவர் தலை குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

"அம்மாட்ட விட்டா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு வேகமாகச் சொல்லி முடித்தார். "டீச்சர்கிட்டயே இருக்கட்டுங்க. அவ வந்து தூக்கட்டும். அதுதாங்க சரி."

மாரியம்மா எழுந்து வெளியே போய்விட்டார். முருகேசன் உடனே பின்னால் ஓடவில்லை.

"ஓட்டு வேண்டியதில்லீங்க. அப்பனே சொல்லியாச்சு" என்றார் தேவதாஸ். அன்று கதவருகே என்னைக் கடிந்துகொண்ட அதே குரல்தான்.

அந்த மாதங்களில் தர்ஷினி எங்கள் வீட்டில் இருந்தாள். எனக்கு இரண்டும் பையன்கள், வளர்ந்து கீழே கோயமுத்தூரில் படித்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் வேலை முடிந்து வரும்போது பிள்ளைக்கு வர்க்கி பிஸ்கட் வாங்கி வருவார். முருகேசன் ஞாயிறுதோறும் வந்து அவளோடு கோயில் வளாகத்தில் விளையாடிவிட்டுப் போவார். தனியாகத்தான் வருவார். ஆனாலும் ரோட்டில் ஜீப் நின்றால், மாரியம்மா வந்துவிட்டாரோ என்று நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன். பாத்ரூம் போனாலும் கதவைத் திறந்தே வைத்திருப்பேன். தேவர்சோலையைத் தாண்டினால் கேரளம். அங்கே கொண்டுபோய்விட்டால் எங்கே போய்த் தேடுவது?

வாரத்துக்கு ஒருமுறை பிள்ளையை ஊட்டிக்குக் கூட்டிப்போய்ச் செல்வியிடம் காட்டினேன். ஒருநாள் செல்வியே சொன்னாள்: "அவரு கெட்டவரு இல்லக்கா. அவுங்கம்மா என்ன சொன்னாலும் தலையாட்டுவாரு. அவுங்க தூக்கிட்டுப் போயிட்டா, இவரு அழுதுட்டு உக்காந்திருப்பாரு. அதுக்குத்தான் பயந்தேன்."

மூப்பர் கூட்டத்தில் அவர் சொன்னதை நான் சொன்னேன். "அவரா சொன்னாரு?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

கட்டுப்போட்டு, டியூப் மாட்டிக் கிடந்த அம்மாவைப் பார்த்துப் பிள்ளை பயந்தாள். போகப் போகக் கட்டிலுக்குக் கிட்டேயே போக மறுத்தாள். ஒருநாள் காலை தலை சீவிவிடும்போது என்னை "அம்மா" என்று கூப்பிட்டாள். நான் திருத்தினேன். மறுபடியும் கூப்பிட்டாள். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே அவருக்கும் அது உறைத்தது தெரிந்தது. இதுவரை வெளியே இருந்து யாரோ வந்து தூக்கிப்போவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து, நானே அவளைத் தாயிடமிருந்து பிரித்துவிடுவேனோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

செல்வி ஊன்றுகோலோடு பிள்ளைக் காம்பரா வாசலில் வந்து நின்ற அன்று நல்ல வெயில். பாதி ஆளாகிவிட்டிருந்தாள். முருகேசன் கொஞ்சம் தள்ளி, பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தர்ஷு, வா தங்கம்."

தர்ஷினி பார்த்தாள். கோலைப் பார்த்தாள். என் பின்னால் போய்ச் சேலைக்குள் முகத்தைப் புதைத்து, "அம்மா, போகச் சொல்லு" என்றாள்.

அந்த நேரத்தில் செல்வியின் முகம் இருந்த இருப்பை என்னால் எழுத முடியவில்லை. அவள் அழவில்லை. "பரவால்லக்கா. நாளைக்கு வாறேன்" என்று திரும்பினாள். கோல் கல்லில் வழுக்கியது. முருகேசன் ஓடி வந்து பிடித்தார்.

நான் அன்றே போதகரிடம் போய் லீவு கேட்டேன். மஃப்ளர் மடிந்தது.

"எதுக்கு டீச்சர்?"

"நான் இங்க இருந்தா அந்தப் பிள்ள அவகிட்டப் போகாதுங்க ஐயா."

"போயிட்டு வாங்க. மூப்பர்கள்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார்.

மறுநாள் காலை, பிள்ளையைச் செல்வியின் லயத்துக்கே கூட்டிப்போனேன். துணி, பால் டம்ளர், தூங்கும்போது பிடித்துக்கொள்ளும் பழைய துண்டு எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்தேன். செல்வி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை மாவைத் தொட்டுப் பார்த்த நேரத்தில் வெளியே வந்தேன். வளைவு திரும்புவதற்குள் அவள் கத்துவது கேட்டது. நிற்கவில்லை. கோத்தகிரியில் என் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறினேன். அங்கே இருந்த நாளெல்லாம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அழுகிறாளா, சாப்பிட்டாளா, அந்தக் காலோடு செல்வி அவளை எப்படித் தூக்குவாள் என்று இதே நினைப்பு. போன் பண்ணிக் கேட்கலாம். கேட்டால் கிளம்பிவிடுவேன் என்று பயந்து கேட்கவில்லை.

ஒரு வாரத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வேலைக்கு வந்தேன். தர்ஷினி மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். ஓடி வரவில்லை. கோபமா, வெட்கமா, எனக்குத் தெரியவில்லை. பகல் முழுக்க என் பக்கம் வராமலே இருந்தாள். தூங்கப் போகும்போது மட்டும் பக்கத்தில் வந்து, "டீச்சர், எங்கம்மா குச்சி வெச்சிருக்காங்க" என்றாள்.

"ஆமா சாமி" என்றேன்.

சாயங்காலம் நல்ல பனிமூட்டம். வாசலில் யார் நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஒரு கதவைத் திறந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கல்லில் கோல் ஊன்றும் சத்தம் கேட்டது. நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குள் தர்ஷினி என் கைக்குக் கீழே நுழைந்து ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கேயே நின்றேன். பனிக்குள் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. பின்னால் இன்னும் நாலைந்து பிள்ளைகள் தங்கள் அம்மாக்களுக்காகக் காத்திருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.